வேலையை விட்டுவிட்டுப் பலகார வியாபாரத்தில் இறங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு 42 வயது. ஊர் தேவகோட்டைப் பக்கம். ஒரு தமிழ் நாளிதழில் 17 ஆண்டுகளாக நிருபராக இருக்கிறேன். பிடித்தம் போகச் சம்பளம் 36,000 ரூபாய், அடிப்படைச் சம்பளம் 22,000. பத்திரிகையில் பக்கங்களைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். அடுத்தது ஆட்களைத்தான் குறைப்பார்கள் என்று தோன்றுகிறது. என் மனைவியும் மாமியாரும் வீட்டில் தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம் செய்து தெரிந்தவர்களுக்கு விற்கிறார்கள். கல்யாண ஆர்டரும் வருகிறது. சிங்கப்பூர், மலேசியா போகிறவர்கள் வாங்கிப் போகிறார்கள். தேன்குழல் கிலோ அடக்கம் 168 ரூபாய், 320க்கு விற்கிறோம். மாதம் 400 கிலோ விற்றால் 60,000 ரூபாய்க்கு மேல் லாபம். வேலையை விட்டுவிட்டு இதை நான் முழுநேரத் தொழிலாகத் தொடங்க விரும்புகிறேன். பி.எஃப்., கிராஜுவிட்டி, மனைவியின் நகை எல்லாம் சேர்த்தால் 12 லட்சம் தேறும். செய்தி வகையில் பழக்கமான ஒப்பந்ததாரர் ஒருவர், "எழுத்தெல்லாம் வேண்டாம், 10 லட்சம் தருகிறேன், பங்காளியாக இருந்துகொள்கிறேன்" என்கிறார். மாவட்டம் முழுக்க எனக்கு ஆள் பழக்கம் உண்டு, அதுவே பெரிய மூலதனம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பகுதிநேர நிருபராகத் தொடரவும் பத்திரிகையில் சம்மதிக்கிறார்கள். மூத்த மகள் பத்தாம் வகுப்பு. இறங்கலாமா? 'செட்டிநாடு' என்று தொடங்கும் ஒரு பெயரும் யோசித்து வைத்திருக்கிறேன், அது சரிதானா? அடக்கக் கணக்கை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஆடிட்டர் பதில்:

தம்பி, இறங்கலாம். ஆனால் இன்றைக்கு வேலையை விடாதீர்கள். அந்த ஒப்பந்ததாரரின் 10 லட்சத்தைத் தொடாதீர்கள். தேன்குழலை இனி ஒரு கிலோகூட 320 ரூபாய்க்குக் கொடுக்காதீர்கள். கடைசியில் சொன்னதை முதலில் பேசுவோம், மற்ற இரண்டும் அதைத் தொட்டுத்தான் வருகின்றன.

நீங்கள் அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். 10 கிலோ தேன்குழலுக்கு அரிசி 6 கிலோ 360 ரூபாய், உளுந்து ஒன்றரைக் கிலோ 210, வெண்ணெய் அரைக் கிலோ 300, பண்டம் குடித்த எண்ணெய் 540, சீரகம் பெருங்காயம் உப்பு வகையறா 90, மில்லில் அரைவைக் கூலி 60, கேஸ் 120. ஆக 1,680. கிலோ 168. கூட்டல் சரியாக இருக்கிறது. குடித்த எண்ணெயைத் தனியாக எழுதியிருக்கிறீர்களே, அது நிறையப் பேருக்குத் தோன்றாது. சட்டியில் ஊற்றியது முழுவதையும் எழுதுவார்கள், இல்லாவிட்டால் எண்ணெயே எழுத மாட்டார்கள். கிட்ட நின்று பார்த்து எழுதிய கை என்று தெரிகிறது. ஆனால் இந்தத் தாளில் மனுஷர்களே இல்லையே, தம்பி. மாவு பிசைந்தது யார்? அச்சில் போட்டுப் பிழிந்தது யார்? எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று வெந்தது யார்?

இப்போது உங்கள் மனைவியும் உங்கள் அத்தையும் கூலி வாங்காமல் நிற்கிறார்கள். அதனால் தாளில் லாபம் தெரிகிறது. மாதம் 400 கிலோ என்றால் 20 வேலைநாள் வைத்தாலும் நாளைக்கு 20 கிலோ பிழிய வேண்டும். வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் செய்யக்கூடிய காரியம் இல்லை அது. மூன்று பேர் வேண்டும். ஆளுக்கு 500 ரூபாய் என்று வையுங்கள், 1,500 ரூபாய். கிலோவுக்கு 75. வீட்டு ஆட்களே செய்தாலும் இந்த 75ஐ எழுதத்தான் வேண்டும், அவர்களுக்குக் கொடுக்கவும் வேண்டும். பாக்கெட், அட்டைப்பெட்டி, லேபிள் கிலோவுக்கு 25. உடைந்தது, சிவந்துபோனது, வந்தவர்கள் ருசி பார்த்தது 15. வாடகை, கரண்ட், போன், பெட்ரோல் என்று மாதம் 12,000 போனால் கிலோவுக்கு 30. எல்லாம் கூட்டினால் 313 ரூபாய். 320க்கு விற்கிறீர்கள். கிலோவுக்கு 7 ரூபாய் மிச்சம். 400 கிலோவுக்கு 2,800. நீங்கள் 60,000 என்று எழுதியிருக்கிற இடத்தில் 2,800 இருக்கிறது.

விலையை 420 ஆக்கினால் கிலோவுக்கு 107 நிற்கும், 400 கிலோவுக்கு 42,800. உங்கள் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் அது அத்தனை கிலோவையும் நீங்களே நேரடியாக விற்றால்தான். காரைக்குடியிலோ மதுரையிலோ ஒரு கடையில் வைத்து விற்கக் கொடுத்தால் கால்வாசி கமிஷன் கேட்பார்கள். 420ல் 105 போனால் உங்கள் கைக்கு 315. அடக்கம் 313. முதல் ஒரு வருஷத்துக்கு எந்தக் கடைக்கும் சரக்குப் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கடைக்காரர் பேரில் குற்றம் இல்லை, உங்கள் விலையில் அவருக்கு இடம் இல்லை.

சரி, 420 சொன்னால் வாங்குவார்களா? வாங்குவார்கள். எல்லோரும் வாங்க மாட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து பிள்ளையார் நோன்புக்கோ, மச்சினன் கல்யாணத்துக்கோ ஊர் வீட்டுக்கு வந்து, திரும்பும்போது பெட்டியில் நாலு கிலோ வைத்துக்கொண்டு போகிறவர் விலையைப் பார்த்து நிற்க மாட்டார். அவருக்கு வேண்டியது ஊருக்குப் போனபின் காறல் வாடை வராத பண்டம். பக்கத்துத் தெருக்காரர்தான் "போன மாசம் 320 என்றாயே" என்பார். அவரிடம் முகத்துக்கு நேராக 420 என்று சொல்ல வேண்டும். உங்களால் முடியுமா என்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே சந்தேகம்.

இதை உங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. பத்திரிகைக்காரர்கள் சில பேருடைய கணக்கை நான் பார்க்கிறேன். வேலையை விட்டு அச்சகம் வைத்தவர் உண்டு, டிராவல்ஸ் வைத்தவர் உண்டு, கடலை எண்ணெய்ச் செக்குப் போட்டவரும் உண்டு. சுறுசுறுப்பில் யாரும் சோடை இல்லை. விடிகாலை எழுந்து ஓடுவார்கள், எவரோடும் பேசுவார்கள், ஒரு விஷயத்தைக் கேட்டால் மூன்று பேரிடம் விசாரித்துவிட்டு வருவார்கள். இயந்திரம் வாங்குவதற்கு முன்னால் அவர்கள் விசாரிக்கிற விசாரணையைப் பார்த்து நான் அசந்துபோயிருக்கிறேன். ஆனால் வரவேண்டிய பாக்கி என்று ஒரு பக்கத்தைத் திறந்தால் அங்கே பேர்கள் நீளமாக இருக்கும், எதிரே வசூல் இருக்காது. "கேட்டால் என்ன நினைப்பாரோ" என்பார்கள்.

காரணம் எனக்குப் புரிகிறது. நல்ல நிருபர் யாரிடமும் கை நீட்டக் கூடாது. கவரை நீட்டினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். 17 வருஷம் அப்படி இருந்து பழகியவருக்குப் பணம் கேட்பது என்றாலே கூசும். அப்புறம், செய்தியை டெஸ்க்குக்கு அனுப்பியதோடு உங்கள் வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் பேப்பரை விற்றுக் காசு வாங்குவது ஏஜென்ட், விளம்பரக் காசை வாங்குவது இன்னொரு பகுதி, முதல் தேதி உங்கள் கணக்கில் பணம் விழுந்துவிடும். உங்கள் எழுத்துக்கு ஒரு வாசகர் கூட உங்கள் கையில் காசு கொடுத்ததில்லை. வியாபாரத்தில் பார்சல் அனுப்பிய பிறகுதான் பாதி வேலையே இருக்கிறது.

தமிழ்ப் பத்திரிகை உலகத்திலேயே பாருங்கள். 1928ல் ஆனந்த விகடனை வாங்கி வளர்த்த எஸ்.எஸ். வாசன் விளம்பரத் தொழிலிலிருந்து வந்தவர். ஒரு அங்குலம் இடத்துக்கு என்ன விலை என்று முதலில் கற்றுக்கொண்டவர், எழுத்து ஆசிரியர்களை அப்புறம் சேர்த்தார். 1941ல் கல்கி விகடனை விட்டு வந்து சொந்தப் பத்திரிகை தொடங்கியபோது கூடவே சதாசிவம் இருந்தார். ஒருவர் எழுதினார், ஒருவர் வரவு செலவு பார்த்தார். நம் சிறுகூடல்பட்டிக்காரர் கண்ணதாசனை எடுத்துக்கொள்ளுங்கள். திருமகள், தென்றல் என்று பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். 1958ல் எடுத்த சொந்தப் படம் ஓடியது. அந்தத் தைரியத்தில் மேலும் எடுத்தார், 1960ல் எடுத்த படம் கடனில் தள்ளியது. அந்தக் கடனை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவருக்கு ஒரு சதாசிவம் வாய்த்திருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் எண்ணம். கவிஞருக்குப் பாட்டு இருந்தது, கடனை அடைக்கப் பேனா போதும். நமக்கு அப்படி இல்லை.

உங்கள் வீட்டில் அந்த ஆள் யார் என்று யோசித்தீர்களா? கடிதம் முழுக்க "நான் தொடங்க விரும்புகிறேன்" என்று இருக்கிறது. உங்கள் மனைவி இரண்டு இடத்தில் வருகிறார், ஒன்று பலகாரம் செய்ய, இன்னொன்று நகை கொடுக்க. என் பார்வைக்கு இந்தத் தொழிலை அவர் ஏற்கெனவே தொடங்கிவிட்டார். சரக்கு அவருடையது, வாடிக்கையாளர் அவர் கைப்பக்குவத்துக்கு வந்தவர்கள். 320 என்ற விலையை வைத்தது அவரா நீங்களா என்று தெரியவில்லை, நீங்கள்தான் என்று தோன்றுகிறது. ஒரு நாள் சாயந்திரம் உட்கார்ந்து அவரிடம் கேளுங்கள், ஆர்டர் கொடுத்தவரிடம் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்க அவருக்குக் கூச்சமா என்று. இல்லை என்றால், தொழில் அவர் பேரில் இருக்கட்டும், விலையும் வசூலும் அவர் பொறுப்பில் இருக்கட்டும். நீங்கள் கொள்முதல், கணக்கு, பார்சல், புது வாடிக்கையாளர் பிடிப்பது என்று பாருங்கள். அது உங்களுக்கு வரும்.

அவர் பேரில் இருப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. நீங்கள் வேலையில் இருந்துகொண்டே தொழில் நடக்கும். உங்கள் நியமன உத்தரவை எடுத்துப் பாருங்கள், வேறு தொழில் செய்யக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். மனைவி பேரில் மனைவி செய்யும் தொழிலுக்கு அந்த வரி பொருந்தாது. ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பின்னால் யாரும் கண்டுபிடித்துச் சொல்வது போல ஆகக் கூடாது.

இப்படி ஒரு முழு வருஷம் ஓட்டுங்கள். ஒரு வருஷம் என்று நான் சொல்வது சும்மா இல்லை. ஆவணியில் முகூர்த்தம், ஐப்பசியில் தீபாவளி, தையில் மறுபடியும் கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி, கோயில் படைப்பு என்று இந்தப் பக்கத்தில் பலகாரம் ஓடும் மாதங்கள் வேறு, ஓடாத மாதங்கள் வேறு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, கல்யாண ஆர்டர் நின்றுவிடும். நோன்புக்கும் வெளிநாட்டுப் பார்சலுக்கும் போவதுதான் அப்போது கை கொடுக்கும். நீங்கள் எனக்கு அனுப்பிய கணக்கு எந்த மாதத்துக் கணக்கு? தீபாவளி மாதம் என்றால் அதை 12ஆல் பெருக்காதீர்கள். மாதா மாதம் எத்தனை கிலோ, எந்தப் பண்டம், யாருக்கு, பணம் எந்தத் தேதி வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஆடியில் அந்த நோட்டை எடுத்து, பத்து மாத லாபத்தில் இரண்டு மெலிந்த மாதங்களையும் சமாளிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ராஜினாமாக் கடிதம் எழுதலாம்.

இடையில் ஒரு காரியம் செய்யுங்கள். லீவு சேர்த்து வைத்திருப்பீர்கள். அதில் இரண்டு வாரம் எடுத்து, தெரிந்த பலகாரக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள், காரைக்குடியில் உங்கள் முகம் தெரியும் என்றால் திருச்சியிலோ மதுரையிலோ. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் கடை நடத்திய காலத்தில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, அதற்கப்புறம்தான் மேலாள். மூன்று வருஷக் கணக்கு என்று எழுதிக்கொண்டு போவார்கள். முதலாளி வீட்டுப் பிள்ளையைக்கூட வேறொருவர் கடைக்கு அனுப்பித்தான் பழக்குவார்கள், சொந்தக் கடையில் யாரும் திட்ட மாட்டார்கள் என்பதால். உங்களுக்கு மூன்று வருஷம் வேண்டாம். "100 கிராம் குறைத்துக் கொடு", "போன தடவை நமுத்துப் போயிருந்தது", "ஜி பே போகவில்லை, நாளைக்குத் தருகிறேன்" இதையெல்லாம் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுப் பழகினால் போதும்.

அடுத்து உங்கள் ஆள் பழக்கம். நண்பர்கள் அதை மூலதனம் என்கிறார்கள். நான் அப்படி எழுத மாட்டேன், சொத்தும் கடனும் எழுதும் ஐந்தொகையில் அதற்கு எந்தப் பக்கமும் இடம் இல்லை. தாசில்தார் உங்கள் போனை முதல் மணியிலேயே எடுக்கிறார் என்றால் அது பத்திரிகைக்காக. நீங்கள் வெளியே வந்த மறு மாதம் அவர் எடுக்கும் வேகத்திலேயே அது தெரிந்துவிடும். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. பகுதிநேர நிருபராக இருந்தால் அந்தப் பழக்கம் போகாதே என்று நினைக்கிறீர்கள். அதுதான் வேண்டாம் என்கிறேன். ஒரு அலுவலகத்திலிருந்து தீபாவளிக்கு 50 கிலோ ஆர்டர் வருகிறது என்று வையுங்கள். நீங்கள் அதை ஆர்டர் என்பீர்கள், ஊர் வேறு பெயர் சொல்லும். அந்த அலுவலகத்தைப் பற்றி நாளைக்கு ஒரு புகார் வந்தால் எழுதவும் முடியாது, எழுதாமல் விடவும் முடியாது. அதோடு, நிருபர் வீட்டுப் பலகாரம் நன்றாக இல்லை என்று உங்களிடம் யாரும் சொல்லவும் மாட்டார்கள். பண்டத்தில் என்ன குறை என்று தெரியாமல் தொழில் பண்ணுவது நஷ்டத்துக்கு வழி. மனைவி தொழில் நடக்கும் இந்த ஒரு வருஷத்திலும் அரசு அலுவலகம், கட்சிக்காரர், போலீஸ் ஆர்டர் எதையும் எடுக்காதீர்கள். வெளியே வரும்போது முழுதாக வாருங்கள்.

உங்கள் தொழிலிலிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டியது வேறு இருக்கிறது. விசாரிக்கிற பழக்கம் ஒன்று. இன்னொன்று, நாலு வரியில் ஒரு விஷயத்தைச் சொல்லத் தெரிவது. பலகார பாக்கெட்டுகளில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள், "பாரம்பரியச் சுவை, தரமான தயாரிப்பு" என்று எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உங்களுடையதில் எந்த எண்ணெயில் சுட்டது, எந்தத் தேதியில் சுட்டது, எத்தனை நாள் வைக்கலாம், திறந்த பிறகு எதில் போட்டு வைக்க வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளில் பாதி நின்றுவிடும்.

ஒப்பந்ததாரர் விஷயத்துக்கு வருகிறேன். எழுத்து வேண்டாம் என்று ஒருவர் 10 லட்சம் தருகிறார் என்றால், திருப்பி வாங்க அவருக்கு எழுத்து தேவைப்படாது என்று அர்த்தம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். நீங்கள் அவரைப் பற்றிச் செய்தி எழுதக்கூடிய இடத்தில் இன்னும் இருக்கிறீர்கள், அதுவே போதும் மறுப்பதற்கு. சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட இடம் உண்டு. பங்காளி என்று சேர்த்தாலும், கூட்டு வியாபாரத்தில் கடைக் கடனுக்கு ஒவ்வொரு பங்காளியும் முழுப் பொறுப்பு, உங்கள் வீடுவரை வரும். எழுதாத கூட்டில் லாபம் எத்தனை பங்கு என்று எதுவும் பேசாமல் விட்டால் 1932ஆம் வருஷத்துச் சட்டப்படி சரிபாதி. வேலை முழுக்க நீங்கள் செய்து பாதியை அவருக்குக் கொடுப்பீர்களா? "இப்போதைக்குத் தேவைப்படவில்லை, அண்ணே" என்று சொல்லிவிடுங்கள். முகம் முறியாமல் பேச உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

உண்மையிலேயே அத்தனை பணம் தேவையும் இல்லை. நாளைக்கு 20 கிலோவுக்கு இரண்டு பெரிய அடுப்பு, சட்டி, பிழிய ஒரு சின்ன இயந்திரம், பாக்கெட் ஒட்டும் மெஷின், எடை மெஷின், எண்ணெய் வடிய வைக்க ஸ்டீல் தட்டுகள், ஒரு மாதச் சரக்கு. உங்கள் வீட்டிலேயே பின்கட்டில் இடம் இருந்தால் சேமிப்பிலிருந்து சின்னதாக ஆரம்பித்துவிடலாம். கடன் வேண்டுமென்றால் வங்கிக்குப் போங்கள். பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசுத் திட்டத்தில் கிராமப்புறத்தில் தொடங்கும் பெண்களுக்கு மானியம் 35 சதவீதம், நகர்ப்புறம் என்றால் 25. பொதுப் பிரிவு ஆணுக்கு அதே கிராமத்தில் 25தான். காரைக்குடி 2024ல் மாநகராட்சியாகிவிட்டது, உங்கள் கிராமம் கிராமம்தான், இடம் பார்க்கும்போது இதையும் யோசியுங்கள். ஆனால் அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும். பதிவு வாங்கி வியாபாரம் ஆரம்பித்த பிறகு போனால் கிடைக்காது. சிறு உணவுத் தொழிலுக்கென்றே இருக்கும் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் நடக்கிற தொழிலும் சேரலாம், 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். திட்டங்களுக்குக் காலக்கெடு உண்டு, நீட்டிப்பார்கள், மாற்றுவார்கள். எதையும் பதிவு செய்யும் முன் சிவகங்கை மாவட்டத் தொழில் மையத்தில் எது நடப்பில் இருக்கிறது என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். பி.எம்.இ.ஜி.பி. மானியம் கையில் வராது, மூன்று வருஷம் வங்கியில் வைப்பாக இருந்து கடனில் கழியும். மானியத்தை நம்பித் தொழில் போட்டவர்கள் கோப்பு என்னிடம் சில இருக்கிறது, ஒன்றும் சந்தோஷமான கோப்பு இல்லை.

நகையைத் தொட வேண்டாம். பி.எஃப்.ஐயும் உடைக்காதீர்கள். 10 வருஷத்துக்கு மேல் சேவை இருப்பதால் உங்களுக்கு 58 வயதில் ஓய்வூதியத் தகுதி வந்துவிட்டது, வேலையை விடும்போது அதற்கான ஸ்கீம் சர்டிபிகேட்டை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். கிராஜுவிட்டி உங்கள் உரிமை. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. 22,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 17ஆல் பெருக்கினால் சுமார் 2,15,700 ரூபாய். நீங்கள் அதற்கும் கூச்சப்படுவீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுத்து மூலம் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தைத் தொழிலில் போடாதீர்கள். அது ஆறு மாத வீட்டுச் செலவு, மகள் பதினொன்றாம் வகுப்புக் கட்டணம். ஆபீஸ் மூலமாக மருத்துவக் காப்பீடு இருந்தால் அது வேலையோடு போய்விடும், விடுவதற்கு முன்னாலேயே குடும்பத்துக்குத் தனியாக எடுங்கள். விட்ட பிறகு எடுத்தால் காத்திருப்புக் காலத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

உரிமம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது பயப்படும்படியான விஷயம் இல்லை. உணவு பாதுகாப்புப் பதிவோ, விற்பனை அளவைப் பொறுத்து உரிமமோ கட்டாயம், வீட்டில் செய்தாலும். அதை ஆன்லைனில் நீங்களே போடலாம், ஏஜென்ட் தேவையில்லை. பாக்கெட்டில் அந்த எண், எடை, எம்.ஆர்.பி., தயாரித்த தேதி, முகவரி, சேர்மானம், சைவப் பச்சைப் புள்ளி இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி.க்கு, தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. உங்கள் கணக்குப்படி 420 ரூபாயில் 400 கிலோ, வருஷத்துக்கு 20 லட்சத்துச் சொச்சம்தான். ஆனால் பெங்களூருவுக்கு ஒரு பார்சல் அனுப்ப ஆரம்பித்தாலே மாநிலம் தாண்டிய விற்பனை, தொகை எவ்வளவானாலும் பதிவு வாங்க வேண்டும். நிறையப் பேர் இதில்தான் தெரியாமல் சிக்குகிறார்கள். சிங்கப்பூர்க்காரர் இங்கே வந்து வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனால் அது உள்ளூர் விற்பனை, கவலை வேண்டாம்.

முன்பணத்துக்கு ஒரு விதி வையுங்கள். கல்யாண ஆர்டருக்குப் பாதிப் பணம் வந்த பிறகுதான் அரிசி ஊறும். மீதி, பெட்டி வண்டியில் ஏறும் முன்னால். சொந்தக்காரருக்கும் இதுதான். சொந்தக்காரருக்குச் செய்ய ஆசையாக இருந்தால் இரண்டு கிலோ இனாமாகக் கொடுங்கள், கடனாகக் கொடுக்காதீர்கள். இனாம் கொடுத்தால் உறவு இருக்கும், கணக்கும் முடிந்துவிடும். கேட்க வாய் வரவில்லை என்றால் ரசீதுப் புத்தகத்தில் அச்சடித்து வைத்துவிடுங்கள். எழுத்தில் இருப்பதைக் காட்டுவது உங்களுக்குப் பேசுவதைவிடச் சுலபம்.

பெயர் கேட்டிருந்தீர்கள். 'செட்டிநாடு' வேண்டாம். அது ஊர்ப் பெயர், சென்னையில் தெருவுக்கு ஒரு ஓட்டலில் இருக்கிறது. இடப்பெயரை உங்கள் ஒருவருக்கு மட்டும் என்று வணிக முத்திரையாகப் பதிவு செய்வது கஷ்டம், பதிவு கிடைத்தாலும் மற்றவர் வைப்பதைத் தடுக்க முடியாது. உங்கள் மனைவி பெயரையோ, கைப்பக்குவம் யாருடையதோ அந்த அத்தை பெயரையோ வையுங்கள். கூடவே ஊர்ப் பெயரைச் சின்ன எழுத்தில் போடலாம். வணிக முத்திரைப் பதிவில் பலகாரம் 30ஆம் வகுப்பில் வரும், தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்கக் கட்டணம் 4,500 ரூபாய். லேபிள் அச்சடிக்கும் முன்னால் அதே பெயர் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று வணிக முத்திரை இணையதளத்தில் தேடிப் பாருங்கள், தேடுவதற்குக் காசு இல்லை. அத்தையிடம் முதலில் சம்மதம் கேட்டுவிடுங்கள், பாக்கெட்டில் தன் பெயரைப் போட எல்லோருக்கும் பிடிக்காது.